நிசெகோவில் அறை பதிவு செய்யுமுன்: படத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள்

ஜப்பானுக்குப் பனிச்சறுக்கு விடுமுறை போகத் திட்டமிடுகிறவர்கள் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். ஹொக்கைடோ தீவின் நிசெகோவில், ஹிராஃபு பகுதியில் உள்ள ஒரு ‘டிசைன் ஹோட்டலில்’ சிங்கப்பூரிலிருந்து போன ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததை வைத்து எழுதுகிறோம். ஹோட்டலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. படத்தில் ஒன்றும் நேரில் வேறொன்றுமாக விற்கும் இடங்கள் நிசெகோவிலும் உண்டு, நகானோ மாநிலத்தின் ஹகுபாவிலும் உண்டு. அந்த விளம்பரத்தில் எந்த வரியையும் பொய் என்று நிரூபிக்க முடியாது. அந்தக் குடும்பத்துக்குப் பணம் திரும்ப வராததற்குக் காரணமே அதுதான்.

முதலில் தூரம். ‘லிஃப்டுக்கு நடந்து 8 நிமிடம்’ என்று போட்டிருந்தார்கள். லிஃப்ட் என்பது சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றிச்செல்லும் கம்பிவட நாற்காலி. ஜப்பானில் வீடு, மனை விளம்பரங்களில் 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிடுவது விதி. ஹோட்டல்களும் பெரும்பாலும் அதே கணக்கைத்தான் பின்பற்றுகின்றன. அதில் ஏற்றம் சேராது, பனி சேராது. அப்படிப் பார்த்தால் 8 நிமிடம் என்பது 640 மீட்டர். ஹிராஃபுவிலோ லிஃப்ட் மேலே இருக்கிறது, விலை குறைந்த ஹோட்டல்கள் கீழே இருக்கின்றன. ஹிராஃபு-சாகா என்ற பிரதான சாலையின் அடியில் வெப்பமூட்டும் அமைப்பு இருப்பதால் அங்கே பனி கரைந்துவிடும். கிளைத் தெருக்களில் இறுகிய பனிக்கட்டிதான். கணுக்கால் மடங்காத பூட்ஸைப் போட்டுக்கொண்டு, தோளில் ஸ்கீ, ஒரு கையில் கோல்கள், இன்னொரு கையில் குழந்தையின் ஸ்கீ என்று ஏறினால் 20 நிமிடத்துக்குக் குறையாது. மாலையில் அதே சரிவில் களைத்துப்போய் இறங்குவது இன்னும் ஆபத்து.

எனவே ‘நிமிடம்’ என்பதை நம்பாதீர்கள். வரைபடத்தில் ஹோட்டல் வாசலிலிருந்து லிஃப்ட் அல்லது கொண்டோலா (மூடிய கேபிள் கார்) நிலையம் வரை நீங்களே அளந்து பாருங்கள். 300 மீட்டருக்கு மேல் என்றால் ஹோட்டல் வண்டி உண்டா, முதல் வண்டி எத்தனை மணிக்கு, எத்தனை நிமிட இடைவெளியில் வரும், முன்பதிவு வேண்டுமா என்று கேளுங்கள். ஹகுபாவில் எக்கோலேண்ட் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். உணவகங்களும் மதுக்கூடங்களும் நிறைந்த கலகலப்பான இடம், ஆனால் அங்கே லிஃப்ட் கிடையாது. தினமும் பேருந்தை நம்ப வேண்டும். ஹாப்போ-ஒனே சரிவில் சறுக்குவதுதான் நோக்கம் என்றால் வாதானோ பகுதி வசதி. ‘ஸ்கீ-இன் ஸ்கீ-அவுட்’ என்பதையும் இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: சறுக்கிக்கொண்டே வாசலுக்கு வந்து சேர முடியுமா? காலையில் வாசலிலிருந்து லிஃப்டுக்கு நடக்காமல் போக முடியுமா? பல இடங்களில் முதல் கேள்விக்கு மட்டுமே ஆம்.

அடுத்தது அறை. படத்தில் இருந்தது தேக்கு நிறப் பலகையும் பெரிய கண்ணாடிச் சுவரும். கிடைத்தது பழைய கட்டடத்தில் ஒரு குறுகிய அறை. கேட்டதற்கு, ‘நீங்கள் எடுத்தது ஒமாகாசே திட்டம்’ என்று பதில் வந்தது. எந்த அறை என்பதை ஹோட்டலின் விருப்பத்துக்கு விட்டுவிடும் மலிவுத் திட்டம் அது. ஜப்பானில் பனிச்சறுக்கு ஊர்களின் பெரிய ஹோட்டல்கள் பல 1980களின் செழிப்பில் கட்டப்பட்டவை. ஹொன்கான் என்றால் மூலக் கட்டடம், ஷின்கான் என்றால் புதுக் கட்டடம், பெக்கான் என்றால் தனிக் கட்டடம். ஒரு தளத்தை மட்டும் புதுப்பித்துவிட்டு அதன் படத்தையே எல்லாத் திட்டங்களுக்கும் போட்டுவிடுகிறார்கள். எந்தக் கட்டடம், எத்தனையாவது தளம், எந்த ஆண்டு புதுப்பித்தது, எத்தனை சதுர மீட்டர் என்பதை எழுத்தில் வாங்குங்கள். படுக்கையின் அகலத்தையும் சென்டிமீட்டரில் கேளுங்கள். ‘செமி-டபுள்’ என்பது 120 சென்டிமீட்டர்தான். அதையே இருவர் படுக்கை என்று விற்கிறார்கள். அறையே 18 சதுர மீட்டர் என்றால், இரண்டு ஸ்கீ பைகளையும் இரண்டு பெட்டிகளையும் வைத்தபிறகு தரையில் கால் வைக்க இடம் இருக்காது.

நிசெகோவுக்கு எதிரே உள்ள யோதெய் மலைக் காட்சிக்குக் கூடுதல் பணம் வாங்குவார்கள். 1,898 மீட்டர் உயரமுள்ள அழகான எரிமலை, மறுக்கவில்லை. ஆனால் சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து கொட்டுவதால்தான் நிசெகோவில் அவ்வளவு பனி. அதே மேகம் ஜனவரியில் நாள்கணக்கில் மலையை மூடியிருக்கும். ஜனவரியில் போகிறவர்கள் அந்தக் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டைலான ஹோட்டல்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் உலர்த்தும் அறை. விளம்பரப் படத்தில் அது வராது. ஆனால் உங்கள் மறுநாள் முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது. ஒரு நாள் சறுக்கியதும் பூட்ஸின் உள்ளுறை வியர்வையிலும் உருகிய பனியிலும் நனைந்துவிடும். இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது நுழைவாயிலை ஒட்டி, வெப்பமே இல்லாத ஒரு லாக்கர். இரவில் உள்ளுறை காயவில்லை, வெளி பிளாஸ்டிக்கும் குளிரில் விறைத்துவிட்டது. காலையில் பூட்ஸின் நாக்குப் பகுதியை இழுத்துத் திறக்கப் பெரியவர்களுக்கே பலம் போதவில்லை, குழந்தையின் கால் உள்ளே இறங்கவே இல்லை. எப்படியோ போட்டாலும் ஈர உள்ளுறையில் ஒரு மணி நேரத்தில் விரல்கள் மரத்துவிடும். அறையின் ஹீட்டர் முன் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சூடு அதிகமானால் உள்ளுறை உருக்குலையும், மரத்தரை கறைபட்டால் அபராதம் கேட்பார்கள். ஜப்பானிய மொழியில் இந்த அறைக்குக் கன்சோஷிட்சு என்று பெயர். அதை அப்படியே குறிப்பிட்டு, சூடாக்கப்பட்டதா, பூட்ஸுக்குள் காற்றை ஊதும் குழாய்கள் எத்தனை, இரவு முழுக்கத் திறந்திருக்குமா என்று கேளுங்கள். 60 அறைகளுக்கு 20 குழாய்கள் என்றால் அந்த ஹோட்டலை விட்டுவிடுங்கள்.

குளியலிலும் ஒரு விஷயம். ‘தாய்யோகுஜோ’ என்றால் பெரிய பொதுக் குளியல், அவ்வளவுதான். அது குழாய் நீரைச் சுடவைத்ததாகவும் இருக்கலாம். ஆன்சென், அதாவது இயற்கை வெந்நீர் ஊற்று, என்று சொல்ல 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்திலிருந்து வரும்போதே 25 டிகிரி வெப்பம் அல்லது குறிப்பிட்ட கனிமங்கள் இருக்க வேண்டும். கண்டுபிடிக்க எளிய வழி கட்டண விவரம்தான். இயற்கை வெந்நீர் ஊற்றுக் குளியலுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பெரும்பாலான ஊர்களில் 150 யென் வரி உண்டு. அந்த வரி எங்குமே தென்படாவிட்டால் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

விலைக்கு வருவோம். இரவுக்கு 60,000 யென், 6 இரவு, மொத்தம் 3,60,000 என்று அந்தக் குடும்பத்தினர் கணக்குப் போட்டிருந்தார்கள். அதன்மேல் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, இரண்டும் சேர்ந்த தொகைக்கு நுகர்வு வரி 10 விழுக்காடு. அதிலேயே 4,35,600 ஆகிவிடுகிறது. ஹிராஃபு இருக்கும் குச்சான் நகராட்சி 2019 நவம்பரில் தங்கும் வரியை 2 விழுக்காடாகத் தொடங்கியது. அதுவும் தனி. ரியோகான் எனப்படும் மரபு விடுதிகளில் இன்னொரு பொறி உண்டு: விலை அறைக்கு அல்ல, ஆளுக்கு. வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்து இத்தனை பேருக்கு இத்தனை இரவுக்கு மொத்தம் எவ்வளவு என்று ஒரே எண்ணாகக் கேளுங்கள்.

உணவு சேராத திட்டமா என்றும் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் ஹிராஃபு உணவகங்களில் இரவுக்கு மேசை கிடைப்பது கடினம். சைவர்களுக்கு ஒரு வார்த்தை: மிசோ சூப்பிலும் குழம்புகளிலும் காயவைத்த மீனின் சீவல்களில் எடுத்த சாறுதான் பெரும்பாலும் அடிப்படை. காய்கறி மட்டும் மிதப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடற்பாசிச் சாற்றில் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

இடத்தை மாற்றலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நிசெகோவில் பல இடங்கள் பதிவின்போது ஒரு பகுதியும், வருகைக்கு 60 நாள் முன்பே மீதி முழுவதும் வாங்கிவிடுகின்றன. அதற்குப் பிறகு ரத்து செய்தால் ஒரு யென்கூடத் திரும்பாது. பனிப்புயலில் ஹொக்கைடோவின் நியூ சிதோசே விமான நிலையம் மூடி நீங்கள் ஒரு நாள் தாமதமானாலும் அந்த இரவின் பணம் போனதுதான். இதற்குக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். வானிலைத் தாமதமும் முன்கூட்டிக் கட்டிய தங்குமிடச் செலவும் அதில் அடங்குமா என்று பார்த்து எடுங்கள்.

முழுப் பித்தலாட்டமும் நடக்கிறது. தனி வீடாக வாடகைக்கு விடும் இடங்களுக்கு 2018 ஜூன் 15 முதல் அமலில் உள்ள சட்டப்படி பதிவு எண் வேண்டும். ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் அந்த எண்ணோ, ஹோட்டல் உரிமமோ விளம்பரத்தில் இல்லையென்றால் தொடாதீர்கள். ‘உங்கள் அட்டையைச் சரிபார்க்க வேண்டும், 12 மணி நேரத்தில் செய்யாவிட்டால் பதிவு ரத்து’ என்று பதிவுச் செயலிக்குள்ளேயே செய்தி வந்தாலும் அந்த இணைப்பை அழுத்தாதீர்கள். ஹோட்டலின் கணக்கைத் திருடி அனுப்புவது அது. ஹோட்டலுக்கே தொலைபேசியில் பேசுங்கள். விமான நிலையத்திலிருந்து அழைத்துவர வரும் வண்டியின் எண் பலகையையும் பாருங்கள். பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற கார், வேன்களுக்குப் பச்சைப் பலகை. கட்டணம் வாங்கிக்கொண்டு வெள்ளைப் பலகை வண்டி வந்தால் அது பெரும்பாலும் சட்டவிரோதம், விபத்தானால் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம்.

இவ்வளவு பார்த்தும் போன இடத்தில் அறை வேறாக இருந்தால், பெட்டியைப் பிரிக்குமுன் படம் எடுங்கள். படுக்கை, சன்னல், உலர்த்தும் அறை எல்லாவற்றையும் எடுத்து, விளம்பரப் படத்தோடு சேர்த்து அன்றிரவே ஹோட்டலுக்கும் பதிவுத் தளத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது. பணம் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வராமல் அறையைக் காலி செய்யாதீர்கள், காலி செய்தால் நீங்களே விலகியதாகக் கணக்காகிவிடும். ஜப்பானிய நுகர்வோர் மையம் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே ஒரு தொலைபேசி உதவி நடத்துகிறது, ஆங்கிலத்தில் பேசலாம். அங்கும் தீராவிட்டால், ‘விளம்பரத்துக்கு மாறான சேவை’ என்று உங்கள் அட்டை வங்கியில் மறுப்பு மனு கொடுங்கள். அதற்கு ஹோட்டல் எழுத்தில் தந்த பதில்கள்தான் சான்று. தெளிவாகக் கேட்ட கேள்விக்கு ஜப்பானிய ஹோட்டல்கள் பொதுவாக நேர்மையாகவே பதில் எழுதும். அந்தக் கேள்விகளை 60 நாள் கெடுவுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.