வாடகை வான் இல்லாத குடும்பப் பயணங்கள்: மட்டக்களப்பிலிருந்து ஒரு நீண்ட கால அனுபவம்

மட்டக்களப்பில் ஒரு குடும்பம் நுவரெலியாவுக்கோ கொழும்புக்கோ சுற்றுலா போக நினைத்தால், முதலில் விசாரிப்பது தெரிந்த ஒருவரின் வானைத்தான். வீட்டு வாசலில் ஏறி வீட்டு வாசலிலேயே இறங்கும் வசதி சாதாரணமானதல்ல. ஆனால் 2021 டிசெம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவுக்கு ஏறியபோது, எங்கள் நால்வருக்காக ஒரு வானைப் பிடிப்பது கட்டுப்படியாகாத காரியமாகிவிட்டது. பொருளாதார நெருக்கடி தணிந்து பயணங்கள் மீண்டும் சாத்தியமானபோது புகையிரதத்தையும் பேருந்தையும் நம்பிப் புறப்பட்ட நாங்கள், டீசல் விலை இறங்கிய பின்னரும் அந்த வழக்கத்தை விடவில்லை.

வான் வாடகையைப் பேசும்போது எல்லோரும் கவனிப்பது கிலோமீற்றருக்கு எவ்வளவு என்பதையே. பணம் கரைவது வேறிடத்தில். நாளொன்றுக்குக் குறைந்தது இத்தனை கிலோமீற்றர் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். நாங்கள் விக்டோரியா பூங்காவிலும் கிரகரி வாவிக் கரையிலும் காலாற நடந்து திரியும் நாளில், விடுதி முற்றத்தில் அசையாமல் நிற்கும் வானுக்கும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். சாரதியின் சாப்பாடு, அவர் தங்க ஓர் இடம், வாகனத் தரிப்பிடக் கட்டணம் ஆகியவை அதன்மேல் சேரும். சாரதி பட்ட பாட்டுக்கு அவை நியாயமானவையே. ஆனால் வானின் ஆசனங்களில் பாதி வெறுமையாக இருக்கும் ஒரு சிறிய குடும்பம் அத்தனையையும் தனியே சுமக்க வேண்டியதில்லை. தூர வழிக்குப் பொதுப் போக்குவரத்து, போய்ச் சேர்ந்த இடத்தில் தேவைப்படும் அரை நாளுக்கு மட்டும் ஓட்டோ என்பதே இப்போது எங்கள் முறை.

இந்த முறையில் எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது பதுளை வழி. மலைநாட்டுப் புகையிரதம் என்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ போய்த்தான் ஏற வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். செங்கலடியில் தொடங்கும் ஏ5 வீதி கரடியனாறு, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாக நேரே பதுளைக்கு ஏறுகிறது. மட்டக்களப்பிலிருந்து அந்த வழியில் பேருந்து உண்டு. பதுளைதான் அந்தப் புகையிரதப் பாதையின் கடைசி நிலையம் என்பதால், அங்கிருந்து புறப்படும் வண்டி வெறும் பெட்டிகளுடன் நிற்கும். கண்டியில் ஏறுவோர் முற்பதிவுக்கு அலைந்தும் கிடைக்காத சன்னலோர ஆசனம், கொஞ்சம் முந்திப் போய் நின்றால் பதிவில்லாத மூன்றாம் வகுப்பிலேயே இங்கு கிடைத்துவிடுகிறது. தெமோதரையில் வண்டி முதலில் நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து, குன்றைச் சுற்றி ஏறி, சற்று முன் தலைக்கு மேலிருந்த அந்த நிலையத்திலேயே வந்து நிற்பதைப் பிள்ளைகள் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. நானுஓயாவில் இறங்கினால் நுவரெலியாவுக்கு எட்டுக் கிலோமீற்றர் அளவுதான், பேருந்து இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: லுணுகலைக்கும் பசறைக்கும் இடைப்பட்ட வளைவுகள் பிள்ளைகளின் வயிற்றைப் புரட்டிவிடும் என்பதால், அன்று காலையில் அரை வயிற்றுச் சாப்பாடும் கையில் சில பொலித்தீன் பைகளும் அவசியம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் சிதைத்ததால், வண்டி எதுவரை ஓடுகிறது என்பதை நிலையத்தில் கேட்டறிந்த பின்னரே நாள் குறிக்க வேண்டும்.

கொழும்புக்குப் போவதென்றால் இரவுப் புகையிரதமே எங்கள் தெரிவு, ஏனெனில் ஓர் இரவின் அறை வாடகை அதிலேயே மிச்சமாகிறது. ஆசனப் பதிவு 30 நாட்களுக்கு முன்னர் திறக்கும். போயா எனும் பௌர்ணமி விடுமுறையோடு வார இறுதி ஒட்டிவரும் நாட்களில் தாமதித்தால் இடம் கிடைக்காது. பதிவு செய்தவரின் அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அரச உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் புகையிரத வாரண்ட், அதாவது இலவசப் பயண அனுமதி, பலரது வீடுகளில் பயன்படாமலே காலாவதியாகிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் மனம் பொறுப்பதில்லை. குறை என்று சொன்னால் நேரந்தான். கல்ஓயாப் பக்கத்தில் யானைகள் கடக்கும் இடங்களில் வண்டி வேகத்தைக் குறைத்தே செல்லும், 2025 பெப்ரவரியில் அங்கு ஆறு யானைகள் புகையிரதத்தில் அடிபட்டு இறந்ததை அறிந்தவர்கள் அந்தத் தாமதத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆகவே போய் இறங்கும் நாளின் காலையில் எந்த முக்கிய வேலையையும் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை.

போக்குவரத்துக்கு அடுத்ததாகச் செலவைத் தீர்மானிப்பது பருவம். ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலக் கொண்டாட்டத்தில் இருக்கும், அறை வாடகையும் அதற்கேற்ப ஏறிவிடும். அந்த மாதத்தை நாங்கள் தவிர்க்கிறோம். கிழக்கில் வாழ்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. எங்கள் பாசிக்குடாவும் அறுகம்பேயும் நிரம்பி வழியும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் தென்மேற்குக் கரையில் பருவமழை. காலி, உனவட்டுன பக்கத்து விடுதிகள் விலையைக் குறைத்து ஆட்களுக்காகக் காத்திருக்கும். அப்போது அங்கு கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பது உண்மை. கல்லடியில் கடலை வைத்துக்கொண்டு கடற்குளிப்புக்காகக் காலிக்கு யார் போகப்போகிறார்கள்? கோட்டையைச் சுற்றிப் பார்க்க மழை விட்ட ஒரு மாலைப்பொழுது போதும்.

அறைகளை இணையத்தில் பார்த்து, விருந்தினர்களின் கருத்துகளை வாசித்துவிட்டு, பின்னர் விடுதிக்கே நேரடியாகத் தொலைபேசியில் கேட்கிறோம். இடைத்தரகுப் பணம் இல்லாததால் பெரும்பாலும் ஏதாவது குறைத்துத் தருவார்கள், சில இடங்களில் காலைச் சாப்பாட்டையும் சேர்த்துவிடுவார்கள். வழிச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டைச்சம்பலும் வீட்டிலிருந்தே போகும்.

இந்த முறை எல்லாப் பயணங்களுக்கும் பொருந்தாது. யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதத்தில் போவதென்றால் மாகோ சந்திவரை சென்று வண்டி மாற வேண்டும். காத்திருப்பைக் கணக்கிட்டால் நேரடிப் பேருந்தே மேல். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் அறைகளுக்குப் பெரும் தட்டுப்பாடு என்பதால், பஞ்சாங்கத்தில் கொடியேற்ற நாளைப் பார்த்தவுடனேயே இடத்தை ஒழுங்குசெய்வது நல்லது. கதிர்காமத்துக்குப் பெரியம்மா, மாமா குடும்பங்களோடு பத்துப் பன்னிரண்டு பேராகப் புறப்படும்போது நாங்களும் வானைத்தான் பிடிக்கிறோம். ஆசனங்கள் எல்லாம் நிறைந்தால் தலைக்கு விழும் பணம் பேருந்துக் கட்டணத்தைப் பெரிதாக மிஞ்சாது, முழங்கால் வலியுள்ள பெரியவர்களை நடுவழியில் வண்டி மாற்றி ஏற்றும் சிரமமும் இருக்காது.