சித்தியின் கழுத்து நெறிக்காக ஏறிய மருத்துவமனைகள்

இந்த முறை ஊரில் இருந்த நாட்கள் பெரும்பாலும் சித்தியோடு மருத்துவமனைகளில்தான் போயின. சித்திக்குப் பல வருடங்களாக மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், அதற்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை சாப்பிட்டு வந்தார். கழுத்தில் வலியே இல்லாமல் ஒரு நெறி கட்டி, மாதக்கணக்கில் கரையாமல் நின்றது.

முதலில் போன இடத்தில் எல்லாம் வேகம். டோக்கன், ஊசிப் பரிசோதனை, சாயங்காலமே போனில் ரிப்போர்ட். "வாதக்காரங்களுக்கு இப்படி நெறி கட்டும், பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது ஆறவில்லை. நெறி கட்டும் என்பது சரி. ஆனால் முடக்குவாதம் உள்ளவர்களுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. நோய் நெடுநாள் அடங்காமல் இருந்தவர்களுக்கு அதைவிடக் கூடுதல். கண்ணும் வாயும் வறளும் ஷோக்ரன் நோயில் இன்னும் பல மடங்கு. ஊசியில் வருவதோ கொஞ்சம் செல்கள்தான். லிம்போமாவா, எந்த வகை என்று சொல்ல நெறியின் முழு அமைப்பே கண்ணில் பட வேண்டும்.

அடுத்த இடத்தில் காத்துக் காத்துக் கால் கடுத்தது. ஆனால் அறுவை மருத்துவர் நெறியை முழுசாக எடுத்தார். அப்புறம் நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது: திசுவைப் பார்த்த மருத்துவரே போன் செய்து, "அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று கேட்டார். அவருக்குப் போன படிவத்தில் "கழுத்துக் கட்டி" என்று மட்டும்தான் இருந்ததாம். மெத்தோட்ரெக்ஸேட் என்றதும் இந்த வகை லிம்போமாவோடு தொடர்புள்ள எப்ஸ்டீன் பார் வைரஸுக்கான சோதனையும் சேர்த்துச் செய்தார். பாசிட்டிவ். அந்த மருந்து எடுப்பவர்களில் அபூர்வமாகச் சிலருக்கு வரும் லிம்போமா வகை.

மருந்தை நிறுத்தினாலே இது சிலருக்குச் சுருங்கிவிடும். அதனால் வாத மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் கலந்து பேசி, கீமோவைத் தள்ளிவைத்து மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தினார்கள். (மருத்துவர் சொல்லாமல் யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது.) அக்குளிலும் இருந்த நெறிகள் இப்போது சிறுத்திருக்கின்றன.

இரண்டு மருத்துவமனைக்கும் நடுவே ஃபைல் தூக்கியது நாங்கள்தான், அந்தக் குறை தீரவில்லை. மருத்துவமனையில் எழுதிக் கொடுத்ததும், எடுத்த திசுவைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டிகளைத் தந்தார்கள். பெருவிரல் அகலம், ஓரத்தில் ஒரு எண். வேறு மருத்துவரிடம் காட்ட அவைதான் வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது பயாப்ஸி (திசு எடுத்துப் பார்க்கும் சோதனை) என்றால், பழைய நோயின் பெயரையும் மாத்திரைப் பெயரையும் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.