டாக்கர்ல மூணு வருஷமா ப்ரொடக்‌ஷன் சர்வர் ஓட்டின அனுபவம்

4 கோர், 8 ஜிபி ரேம், உபுண்டு 22.04 போட்ட ஒரே ஒரு வாடகை சர்வர், அதுல டாக்கர் கம்போஸ் (ஒவ்வொரு மென்பொருளையும் கன்டெய்னர்ங்கற தனித்தனி டப்பாவுல போட்டு, எல்லாத்தையும் ஒரே ஃபைல் மூலமா ஓட்டற கருவி) வச்சு ஆறு சர்வீஸ் ஓட்டினோம். நிறைய சர்வர்ல கன்டெய்னர் ஓட்டறதுக்கான குபர்னெட்டிஸ் போடலாமான்னு முதல்ல ஒரு பேச்சு வந்துச்சு, ரெண்டு பேர் பாத்துக்கற சர்வருக்கு வேணாம்னு விட்டுட்டோம், இன்னிக்கும் அது சரின்னுதான் தோணுது.

முதல் அடி லாக்ல (சர்வீஸ் ஓடும்போது எழுதி வைக்கற பதிவுல) விழுந்துச்சு. நாலாவது மாசம் ஒருநாள் விடிகாலைல சைட் படுத்துருச்சு, உள்ள போய் பாத்தா டிஸ்க் 100%, எங்க டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் எழுத இடமில்லாம நிக்குது. பழைய இமேஜ்தான் (கன்டெய்னரை உருவாக்கற அச்சு) சேந்திருக்கும்னு ப்ரூன் பண்ணி அழிச்சேன், கொஞ்சம்தான் காலியாச்சு, அப்புறம் ஒவ்வொரு ஃபோல்டரா தேடினா ஒரே கன்டெய்னரோட லாக் மட்டும் 60 ஜிபிக்கு மேல! டாக்கர் சும்மா விட்டா ஜேசன் ஃபைல்ல எழுதிட்டே போகும், அளவு கிடையாது, நாமதான் டேமன் (பின்னாடி ஓடிட்டே இருக்கற டாக்கர் ப்ரோக்ராம்) செட்டிங்ல 10 எம்பி, 3 ஃபைல்னு கட்டுப்போடணும். போட்டுட்டு டேமனை ரீஸ்டார்ட் பண்ணா மட்டும் பத்தாது, ஏற்கனவே இருக்கற கன்டெய்னரை அழிச்சு திரும்ப உருவாக்கினாத்தான் அதுக்கு ஒட்டும்.

அதைவிட பயந்தது ஃபயர்வால்ல. உபுண்டு ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூல 22, 80, 443 போர்ட் மட்டும் திறந்திருக்குன்னு நம்பி இருந்தேன், வெளிய இருந்து ஸ்கேன் பண்ணா ரெடிஸ்ங்கற டேட்டா ஸ்டோரோட 6379 போர்ட் ஊருக்கே திறந்து கிடக்குது, பாஸ்வேர்டும் இல்ல, வயிறு கலங்கிருச்சு. கம்போஸ் ஃபைல்ல போர்ட்ஸ் வரி எழுதி போர்ட் பப்ளிஷ் பண்ணா, டாக்கர் லினக்ஸோட ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால்ல தானே ரூல் எழுதிக்கும், யூஎஃப்டபிள்யூ ரூலுக்கு வேலையே இருக்காது. இப்போ உள்ளுக்குள்ள பேசிக்கற சர்வீஸுக்கு போர்ட்ஸ் வரியே எழுதறதில்ல, ஒரே நெட்வொர்க்ல இருந்தா சர்வீஸ் பேரை வச்சே கண்டுபிடிச்சுக்கும். ஹோஸ்ட்ல (சர்வர்ல நேரடியா) இருந்து தொடணும்னா போர்ட் நம்பருக்கு முன்னாடி 127.0.0.1 (அந்த மெஷினுக்குள்ள மட்டும்னு அர்த்தம்) போட்டுருவேன்.

இமேஜுக்கு வெர்ஷன் நம்பர் குடுக்காம லேட்டஸ்ட் டேக் போடாதீங்க ப்ளீஸ். போஸ்ட்கிரெஸ் 15ல இருந்து 16க்கு தாவி, பழைய டேட்டாவ திறக்க மாட்டேன்னு நின்னுச்சு, டேக்கை 15ன்னு மாத்தினதும் எந்திரிச்சுது.

மனசார பாராட்டறது கேடிங்கற வெப் சர்வரை. லெட்ஸ் என்கிரிப்ட் தர்ற ஹெச்டிடிபிஎஸ் சர்ட்டிஃபிகேட் 90 நாள்தான், கேடியே புதுப்பிச்சுக்குது, நான் ஒருதடவை கூட தொட்டதில்ல. கேடியோட டேட்டாவுக்கு தனி வால்யூம் (கன்டெய்னரை அழிச்சாலும் அழியாத இடம்) மட்டும் குடுத்துருங்க.

போன மாசம் உபுண்டு 24.04 சர்வருக்கு மாறினோம். முந்தின நாளே டிஎன்எஸ் டிடிஎல்லை (பழைய ஐபிய மத்தவங்க எவ்வளவு நேரம் ஞாபகம் வச்சிருக்கலாம்ங்கற அளவு) குறைச்சு வச்சு, கம்போஸ் ஃபைலை காப்பி பண்ணி, டேட்டாபேஸ் டம்ப்பை (முழு காப்பி) ரீஸ்டோர் பண்ணி, ஐபிய மாத்தினதோட ரெண்டு மணி நேரத்துல எல்லாம் ஓட ஆரம்பிச்சுருச்சு.