மக்காச்சோளத்துக்கு உழுவதா, உழாமல் விதைப்பதா?

நன்றாக உழுதால்தான் சத்து கிடைக்கும் என்பார் ஒருவர். மண்ணைக் கிளறவே கூடாது என்பார் இன்னொருவர். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஆகிய சத்துகளை மட்டும் வைத்துப் பார்ப்போம்.

தழைச்சத்து
உழவு: காற்று உள்ளே போவதால் மண்ணிலுள்ள மட்கு (மக்கிய இலைதழை) வேகமாகச் சிதைந்து தழைச்சத்து சீக்கிரம் கிடைக்கும். ஆனால் வருடா வருடம் உழுதால் மட்கே குறைந்துவிடும்.
உழாமை: மேலே கிடக்கும் முந்தைய பயிரின் தட்டையை மட்கவைக்க நுண்ணுயிர்களே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். தொடக்க வருடங்களில் பயிர் வெளுத்து நிற்க இது ஒரு காரணம். யூரியாவைத் தட்டைமேல் தூவாதீர்கள், அம்மோனியாவாகப் பறந்துவிடும், மண்ணுக்குள் வையுங்கள்.

மணிச்சத்து
இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். மணிச்சத்து மண்ணில் அவ்வளவாக நகராது. உழவு அதைக் கலந்துவிடும். உழாத நிலத்தில் மேல் 5 செ.மீ. அளவிலேயே தேங்கும், மேல்மண் காய்ந்தால் வேருக்குக் கிடைக்காது. குளிர்ந்த ஈரமண்ணில் இளம்பயிரின் இலையோரம் ஊதாவாக மாறினால் மணிச்சத்துக் குறை என்று சந்தேகிக்கலாம். விதைக்கு 5 செ.மீ. பக்கத்தில், 5 செ.மீ. கீழே தொடக்க உரம் (விதைக்கும்போதே இடும் உரம்) வைத்தால் நன்றாக உதவும். அப்புறம், உழாத மண்ணில், வேரோடு சேர்ந்து வாழும் மைக்கோரைசா பூஞ்சையின் இழைகள் அறுபடாமல் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் வேருக்குக் கொண்டுவரும். எனக்கு இது பெரிய லாபமாகத் தெரிகிறது.

சாம்பல்சத்து
இதுவும் உழாத நிலத்தில் மேலேயே தேங்கும்.

முடிவாக, சரிவான, ஈரம் நிற்காத நிலத்துக்கு உழாமை. நீர் வடியாத, குளிர்ந்த களிமண்ணுக்கு உழவு, அல்லது விதைவரிசையை மட்டும் கிளறும் பட்டை உழவு.