ஆஞ்சியோகிராபியா, ஆர்ட்டீரியோகிராபியா?

இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் பரிசோதனைக்கு வழங்கும் இந்த இரண்டு பெயர்களுக்கும் வால் ஒன்றுதான்: ‘கிராபி’. எழுதுதல், பதிவு செய்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வேறுபாடு தலையில் இருக்கிறது.

‘ஆஞ்சியோ’வின் மூலம் ‘ஆங்கெய்யோன்’. பாத்திரம், கலம் என்று பொருள். உடலில் அது இரத்தக்குழாய். ஆகவே தமனி (இதயத்திலிருந்து இரத்தம் வெளியே போகும் குழாய்), சிரை (இதயத்துக்குத் திரும்பி வரும் குழாய்) எதைப் படமெடுத்தாலும் ஆஞ்சியோகிராபிதான். நெஞ்சுவலியைக் குறிக்கும் ‘ஆஞ்சைனா’வோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள், அது நெரித்தல் என்ற பொருளில் பிறந்த வேறு சொல்.

‘ஆர்ட்டீரியோ’ தமனியை மட்டும் சுட்டும். இதன் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘ஆர்ட்டீரியா’ என்று பண்டைய கிரேக்கர்கள் மூச்சுக்குழாயையும் சொன்னார்கள். இறந்த உடலை அறுத்துப் பார்த்தால் சிரைகளில் இரத்தம் தேங்கியிருக்கும், தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். அதைப் பார்த்து, தமனிக்குள் காற்றுதான் ஓடுகிறது என்று பலர் நம்பினார்கள். பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் அதை மறுத்து இரத்தம்தான் என்று காட்டினார். பெயர் மட்டும் மாறவில்லை.

1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற போர்ச்சுகல் மருத்துவர், எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைக் கழுத்துத் தமனியில் செலுத்தி மூளையின் நாளங்களைப் படமாக்கினார். அதை இரண்டு பெயராலும் அழைக்கலாம்.

சரி, எதைச் சொல்வது? துல்லியம் வேண்டுமென்றால் ஆர்ட்டீரியோகிராபி. ஆனால் இதயத் தமனிப் பரிசோதனைக்கே மருத்துவரும் நோயாளியும் ‘ஆஞ்சியோ’ என்றுதான் சொல்கிறார்கள். நானும் அதையே சொல்வேன்.