லேத் சுருளை பவுடராக்கித் தர்ற ஜாப்வொர்க்: குடுத்துப் பாத்துட்டேன்

கோயம்புத்தூர்ல லேத் பட்டறை வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், சிஐ (வார்ப்பிரும்பு) கடையறப்ப வர்ற போரிங் தூளும் அலுமினிய சுருளும் மூட்டை மூட்டையா சேரும், காயலாங்கடைக்காரர் அதுல இருக்கற கூலன்ட் (கடையறப்ப சூடு தணிய ஊத்தற எண்ணெய்த் தண்ணி) ஈரத்தைக் காட்டியே ரேட்டைக் குறைப்பாரு. அதான் பால் மில்லுல (ball mill, குண்டு போட்டுச் சுத்தற டிரம்) அரைச்சுத் தர்ற ஒரு இடத்துல (பேரு வேணாம்) ரெண்டுலயும் ஒரு மூட்டை குடுத்துப் பாத்தேன்.

சிஐ சூப்பருங்க. வார்ப்பிரும்புக்குள்ள கிராஃபைட் தகடு தகடா இருக்கறதால அது நொறுங்கற ஜாதி, சுத்தற டிரம்முக்குள்ள ஸ்டீல் குண்டு மேலருந்து விழுந்து விழுந்து அடிக்கறதுல தூளாயிடுது. 100 மெஷ் சல்லடைல, அதாவது 150 மைக்ரான், நல்லாவே இறங்குச்சு, விரல்ல தேச்சா பென்சில் கரி மாதிரி ஒட்டுது.

அலுமினியந்தான் சொதப்பல். அது நொறுங்காது, நசுங்கித் தட்டையாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்படி ஒட்டாம இருக்கத்தான் ஸ்டியரிக் ஆசிட் கொஞ்சம் போடணும், இவங்க போடல போல, பையைப் பிரிச்சா அப்பளத்தை நொறுக்கின மாதிரி செதில், கூடவே கூலன்ட் நாத்தம். இதுல நைசான அலுமினியத் தூள் காத்துல பறக்கறப்ப ஒரு பொறி பட்டா வெடிக்கும், அங்க பக்கத்துலயே ஒருத்தர் கிரைண்டர் ஓட்டிட்டு இருந்தாரு, எனக்கு பக்குனு ஆயிடுச்சு.

சிஐக்கு 4 ஸ்டார், அலுமினியத்துக்கு 1. குடுக்கறதா இருந்தா எண்ணெய் போக நீங்களே கழுவிக் காயவச்சுக் குடுங்க, அலுமினியத்தைத் திருப்பி வாங்கறப்ப ஒரு மேக்னெட்டை ஓட்டிப் பாருங்க, குண்டு தேஞ்ச இரும்பு கலந்திருக்கும்.