ஆன்கி செயலியில் ஆங்கிலச் சொற்கள்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

வங்கித் தேர்வுக்கும் மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் படிப்பவர்கள் கடினமான ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு உருப்போடுவதைப் பாளையங்கோட்டை நூலகங்களில் இன்றும் காணலாம். அப்பட்டியல்களை விட்டுவிட்டு, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையுமாக அட்டைகளைக் காட்டும் ஆன்கி என்னும் செயலியைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் அது இலவசம். ஐபோனுக்கு மட்டும் விலை உண்டு.

2006இல் வெளிவந்த இச்செயலி, ஒரு சொல் நினைவிலிருந்து நழுவவிருக்கும் தறுவாயில் அதை மீண்டும் கேட்பதற்கு முயல்கிறது. இதற்கு மூலமான கணக்குமுறை 1987இல் சூப்பர்மெமோ என்னும் மனனப் பயிற்சி மென்பொருளுக்காக உருவானது: முதல் இடைவெளி ஒரு நாள், அடுத்தது ஆறு நாள், பின்னர் சரியாகச் சொல்லச் சொல்ல ஏறத்தாழ இரண்டரை மடங்காக நீளும். 2023இல் சேர்க்கப்பட்ட எஃப்.எஸ்.ஆர்.எஸ். முறை, அவரவர் பழைய விடைகளைக் கொண்டே இடைவெளியைக் கணிக்கிறது.

ஆயினும் பயன் முழுவதும் அட்டையில் நாம் எழுதுவதைப் பொறுத்தது. ‘அலீவியேட்’, ‘மிட்டிகேட்’ இரண்டுக்கும் தணித்தல் என்று மட்டும் எழுதி வைத்தால், வலிக்கும் வறுமைக்கும் முன்னது, அபாயத்துக்கும் பாதிப்புக்கும் பின்னது என்ற வழக்கு பிடிபடாது; தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வி சோதிப்பதோ அதைத்தான். ஆகவே நாளிதழில் கண்ட முழு வாக்கியத்தையும் சொல்லை மட்டும் மறைத்து அட்டையாக்குகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் சிக்கிக்கொண்ட செய்தியிலிருந்து எடுத்த ‘மரூன்ட்’ (வெளியேற வழியின்றிச் சிக்கிய) என்ற சொல் இன்றுவரை மறக்கவில்லை. பிறர் ஆக்கிப் பகிரும் ஆயத்த அட்டைத் தொகுப்புகளில் இத்தகைய பிடிப்பு கிடைப்பதில்லை. சிலவற்றில் பொருளே பிழையாக இருக்கிறது.

நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்பது செயலியின் இயல்பான அமைப்பு. வேலைக்குச் செல்பவர்க்கு அது மிகுதி. திருப்புதல் அட்டைகள் மலையாகக் குவிந்துவிடும். அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போய்வரும் நேரத்துக்குள் முடிவதற்கு ஐந்தாறே போதும். எட்டு முறை தவறவிட்ட அட்டையைச் செயலி தானே அடையாளமிட்டுக் காட்டுகிறது. அதே அட்டையோடு மல்லுக்கு நிற்பதைவிட வேறு வாக்கியத்தோடு புதிதாக எழுதுவது நல்லது.

அடுத்த மாதமே தேர்வு எழுதவிருப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீளும் இடைவெளிகள் பலன் தருவதற்கு மாதங்கள் வேண்டும். குறைந்தது ஓராண்டு கையில் இருப்பவர் தொடங்கலாம்.